அங்கத்தவர் ஏழு

என்னை அறிமுகப்படுத்திக்கொள்ள எனக்கு ஏழு வயதிலேயே தெரிந்திருந்தது. அதனால் வந்த வினையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நுரைச்சோலைக்குக் கிட்ட ஒரு முகாமில் நாங்கள் இருந்தோம். போர்க்காலத்தில், மன்னார்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து முஸ்லிம்களான எங்கள் ஆட்களை இயக்கத்தார் வெளியேறச் சொன்னபோது நான் உம்மாவின் இடுப்பில் இருந்த ஒரு வயதுப் பிள்ளை. புத்தளத்து ஆட்கள் இடம் தந்தார்கள். நாலு மாதத்தில் திரும்பிவிடலாம் என்று ஓலைக் கொட்டில் போட்டவர்கள் இருபது வருடத்துக்கு மேல் அதிலேயே இருந்துவிட்டோம். அங்கே நிவாரண வரிசையில் நிற்பது பிள்ளைகளின் வேலை. பெரியவர்கள் விடிந்ததும் வெங்காயத் தோட்டத்துக்கும் மீன் காயப்போடும் வாடிகளுக்கும் கூலிக்குப் போய்விடுவார்கள். குடும்ப அட்டையையும் உரப்பையையும் தூக்கிக்கொண்டு நாங்கள் போய் நிற்போம்.

வரிசையின் முடிவில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் ஒருவர், அவருக்கு முன்னால் கோடு போட்ட பெரிய கொப்பி. அவர் தலையைத் தூக்கமாட்டார். "சொல்லு" என்பார், அவ்வளவுதான். சொல்வதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. கொப்பியின் கட்டங்கள் எந்த ஒழுங்கில் இருக்கின்றனவோ அதே ஒழுங்கு. குடும்பத் தலைவர் பெயர், அங்கத்தவர் தொகை, அதில் ஆண் எத்தனை பெண் எத்தனை, முகாம், அட்டை இலக்கம், இடம்பெயர்ந்த ஊர். ஒன்றை முந்திச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். இடையில் மூச்சு வாங்கினால் பின்னால் நிற்கிறவர்கள் முதுகில் இடிப்பார்கள். எல்லாம் சொன்ன பிறகு, உம்மா சொல்லித் தந்த கடைசி வசனம் ஒன்று உண்டு: "இன்னும் எங்களுக்கு ஒண்டும் கிடைக்கல்ல." முந்தின நாள்தான் பாய் கிடைத்திருக்கும், அப்போதும் அதைச் சொல்லத்தான் வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த பட்டியலில் விடுபட்டுப் போவோம் என்று முகாமில் எல்லோரும் நம்பினார்கள்.

நான் அதில் கெட்டிக்காரி. ஒரே மூச்சில் சொல்லி முடிப்பேன். அக்கம்பக்கத்துக் கொட்டில்களிலிருந்து அட்டையைத் தந்து, "நீயே சொல்லிட்டு வா மகள்" என்று அனுப்புவார்கள். முதலில் எங்கள் தொகை ஐந்தாக இருந்தது. பிறகு தம்பிமார் இருவரும் தங்கையும் பிறந்து எட்டானது. எனக்கு மூத்தவளான ராத்தா கலியாணம் முடித்துப் புத்தளம் டவுனுக்குப் போக, ஏழில் வந்து நின்றது. வாப்பா, உம்மா, கணவனை இழந்து எங்களோடு இருந்த மாமி, நான், தம்பிமார், தங்கை. ஆண் மூன்று, பெண் நான்கு. அத்தனை வருடம் சொன்ன அந்தக் கதையில் என் பெயர் ஒரு இடத்திலும் வராது. யாரும் கேட்டதில்லை, எனக்கும் சொல்லத் தோன்றியதில்லை.

போர் முடிந்து இரண்டு வருடம் போன பிறகு முகாமில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே பேச்சு. யார் திரும்பிப் போகிறார்கள், எப்போது போகிறார்கள், அங்கே தகரம் தருகிறார்களா. வாப்பா இரண்டு பேரோடு போய் ஊரைப் பார்த்துவிட்டு வந்தார். வீடு இருந்த இடத்தில் காடு எழும்பியிருந்ததாம். கிணற்றைக் கண்டுபிடிக்கவே அரைநாள் எடுத்ததாம். அதைச் சொல்லும்போது அவர் முகம் இருந்த இருப்பைப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது. பற்றைக்குள் கிடக்கிற ஒரு கிணற்றுக்காக மனிதர் இப்படிச் சிரிப்பாரா என்று நினைத்தேன்.

"ஹஜ்ஜுப் பெருநாள நம்மட மண்ணில எடுக்கிறம்" என்றார்.

"நான் வரல்ல" என்றேன்.

உம்மா கையிலிருந்த அகப்பையோடு திரும்பிப் பார்த்தார். மாமி "அல்லாஹ்வே" என்றார். வாப்பா மட்டும் கோபப்படவில்லை. என் வாய் அவரிடமிருந்து வந்தது என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள், அதனால் அவருக்குப் பழக்கம்.

"வராம? இந்தக் கொட்டில காத்துத் தூக்கிட்டுப் போகுமட்டும் இங்க குந்திட்டிருக்கப் போறியா?"

"வேல எடுத்துக்கொண்டு ராத்தா வீட்டில நிக்கிறன்."

"சரி. லொறி ஏத்துறதுக்குள்ள வேல கிடைச்சா நில்லு. கிடைக்காட்டி வாய மூடிட்டு ஏறு. பொறகு அழுகுற வேல வச்சுக்கக் கூடா."

லொறிக்கு ஆறு வாரம் இருந்தது. எனக்குப் போக விருப்பமில்லாததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் இங்கேதான் இருந்தது. பாலாவிச் சந்தியில் எந்த பஸ் எத்தனை மணிக்கு வரும், எந்தக் கொண்டக்டர் மிச்சக் காசு தராமல் ஏய்ப்பான், எந்தக் கிணறு உப்பு, எந்தக் கிணறு நல்ல தண்ணீர் எல்லாம் தெரியும். சொந்த ஊர் என்று அவர்கள் சொல்கிற இடத்தில் எனக்கு ஒரு மரத்தைக்கூடத் தெரியாது. இன்னொன்றும் இருந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மேசைக்குப் பின்னால், மின்விசிறிக்குக் கீழே, ஒரு கதிரையில் இருந்து பார்க்க வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை.

அந்த வாரமே ராத்தா ஒரு விளம்பரம் பற்றிச் சொன்னாள். டவுனில் ஒரு தனியார் மருத்துவ நிலையம், நோயாளிகளைப் பதிவு செய்யும் மேசைக்குத் தமிழும் சிங்களமும் தெரிந்த பெண் பிள்ளை தேவை என்று கண்ணாடியில் ஒட்டியிருந்தார்களாம். விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். நேர்முகப் பரீட்சைக்கு வரச் சொல்லி மச்சானின் போனுக்குச் செய்தி வந்தது. ராத்தாவின் புருசனைத்தான் மச்சான் என்கிறேன். எங்களிடம் அப்போது போன் இருக்கவில்லை.

நான் போய்வந்த கம்பியூட்டர் வகுப்பில் நேர்முகப் பரீட்சைக்கென்று ஒரு தாள் தருவார்கள். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் ஒன்று, அதையே தமிழில் ஒன்று. முதலில் வணக்கம், பிறகு பெயர், பிறகு நான் இன்ன ஊரைச் சேர்ந்தவள் என்று ஒரு வெற்றிடம், பிறகு படிப்பு, கடைசியில் பொழுதுபோக்கு. பொழுதுபோக்கில் மட்டும் வெற்றிடம் விடவில்லை. "வாசிப்பதும் தோட்டம் செய்வதும்" என்று அவர்களே அச்சடித்திருந்தார்கள். வகுப்பில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே பொழுதுபோக்கு.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு நான் முகாமைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். எனக்கு இருந்து படிக்க வராது, காலும் சேர்ந்து ஓட வேண்டும். கிணற்றடியில் முணுமுணுத்தேன், அரிசி களையும்போது முணுமுணுத்தேன். தம்பிமார் பின்னாலேயே வந்து என்னைப்போல் கழுத்தை ஆட்டிச் சொல்லிக் காட்டினார்கள். ஒரு நாள் பின்னேரம், மண் ஒட்டிய காலோடு வாப்பா வாசலில் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்றே? தோட்டம் செய்யிறது பொழுதுபோக்கா?"

"தாளில அப்புடித்தான் இரிக்கு."

"நாளைக்கு வா. வெங்காயம் கிண்டுறம். பொழுதெல்லாம் நல்லாப் போகும்."

உம்மாவுக்கே சிரிப்பு அடக்க முடியவில்லை. எனக்குக் கோபம் வந்து தாளைச் சுருட்டி எறிந்தேன். பிறகு நானே போய்ப் பொறுக்கி எடுத்து நீவி வைத்தேன்.

தொல்லை தந்தது அந்த வெற்றிடந்தான். நான் எந்த ஊரைச் சேர்ந்தவள்? பென்சிலால் நுரைச்சோலை என்று எழுதினேன், அழித்தேன். மன்னார் என்று எழுதினேன், அழித்தேன். தாள் அந்த இடத்தில் ஓட்டை விழுகிற அளவுக்குத் தேய்ந்தது. ராத்தாவுக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை.

"புத்தளம் எண்டு சொல்லு. கேம்ப் எண்டு வாயத் திறந்திடாத. இண்டைக்கோ நாளைக்கோ போற ஆள் எண்டு நினைச்சா ஒருத்தரும் வேல தரமாட்டாங்க."

நான் புத்தளம் என்று பேனையால் எழுதினேன். பொய் இல்லைதான். ஆனாலும் அந்தத் தாளை வாப்பாவின் கண்ணில் படாமல் ஒளித்து வைத்தேன்.

நேர்முகப் பரீட்சை அன்றைக்குக் காலை காற்று என்றால் அப்படி ஒரு காற்று. பஸ்ஸின் சன்னல் மூடாது. உப்பளங்களைத் தாண்டும்போது முகமெல்லாம் உப்புப் பிடித்தது. ராத்தாவின் கறுப்பு அபாயாவைக் கடன் வாங்கி உடுத்தியிருந்தேன், நீளம் கூட. ஃபைலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தேன். அதற்குள் சான்றிதழ்கள், அடையாள அட்டைப் பிரதி, எங்கே போனாலும் எடுத்துப் போகிற பழக்கத்தில் குடும்ப அட்டையும் கிடந்தது. அதை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மருத்துவ நிலையத்தின் நடையில் நீள வாங்கு ஒன்றில் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். எல்லோருக்கும் வாய் அசைந்துகொண்டிருந்தது. நான் காதைக் கொடுத்தேன். எனக்குப் பக்கத்தில் இருந்தவள் வாசிப்பதும் தோட்டம் செய்வதும் என்றாள். அதற்கு அடுத்தவள் சிங்களத்தில் அதையே சொன்னாள். எங்கள் வகுப்பில் மட்டுமில்லை, ஊர் முழுக்க அதே தாள்தான் போலிருக்கிறது. எழும்பி நடந்தேன், வந்து இருந்தேன், மறுபடி எழும்பினேன். வாசலில் நின்ற சிங்களக் காவலாளி, தங்கை முறை வைத்து, "நங்கி, ஒரு எடத்தில இருங்க" என்று இரண்டு தரம் சொன்னார்.

என்னைக் கூப்பிட்டபோது பதினொன்றரை ஆகிவிட்டது. உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். நிலையத்தை நடத்துகிறவர் சிலாபத்துச் சிங்களப் பெண், ஐம்பது வயதிருக்கும், தமிழ் தண்ணீராகப் பேசுவார் என்று ராத்தா சொல்லியிருந்தாள். அவருக்குப் பக்கத்தில் தொப்பி போட்ட புத்தளத்து ஹாஜியார் ஒருவர், கட்டடமும் அவருடையது, தொழிலில் பங்கும் அவருக்கு உண்டு. நான் வணக்கத்தைத் தொண்டையில் தயாராக வைத்திருந்தேன். அடுத்தது பெயர், அடுத்தது புத்தளம்.

மேசையின் மேல் கோடு போட்ட ஒரு பெரிய கொப்பி விரிந்திருந்தது. அந்த அம்மா முந்தினவளின் விபரத்தை எழுதி முடித்து, கோடு இழுத்து, பேனையை அடுத்த கட்டத்தில் வைத்தார். தலையைத் தூக்கவில்லை.

"சொல்லுங்க" என்றார்.

அவ்வளவுதான். என் வாய் திறந்தது. வாப்பாவின் பெயரைச் சொன்னேன். "அங்கத்தவர் ஏழு. ஆண் மூண்டு, பெண் நாலு" என்றேன். முகாமின் பெயர், அட்டை இலக்கம், இடம்பெயர்ந்த ஊர், கிராம சேவகர் பிரிவு உட்பட எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. என் குரல் எனக்கே கேட்டது, நிறுத்த முடியவில்லை. வலது கை தானாக ஃபைலுக்குள் போய் குடும்ப அட்டையை எடுத்து மேசையில் அவர் பக்கமாகத் தள்ளியது. எல்லாவற்றுக்கும் மேலாக, நல்ல தெளிவாக, "இன்னும் எங்களுக்கு ஒண்டும் கிடைக்கல்ல" என்று முடித்தேன்.

எனக்குக் கால் பெருவிரலிலிருந்து தலை வரைக்கும் சூடு ஏறியது. நிலம் பிளந்து விழுங்காதா என்று இருந்தது.

ஹாஜியார் தாடியைத் தடவினார். "இது நிவாரணம் குடுக்கிற எடமில்ல மகள்" என்றார். நக்கலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். இரக்கமாகச் சொன்னார்.

அந்த அம்மா இன்னும் கொப்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் தூக்கினார். "எல்லாம் எழுதிட்டன்" என்றார். "ஒண்ணும் விட்டுப்போகல்ல. நங்கிட பேர் மட்டுந்தான் இல்ல."

"இருவது வருசமா ஆரும் கேக்கல்ல, மிஸ்" என்றேன்.

மரியாதையாகச் சொல்லவில்லை. சண்டைக்கு நிற்கிற குரலில் வந்துவிட்டது. எனக்கு வெட்கம் கூடினால் கோபம் வரும், அது அப்போதும் இப்போதும் உள்ள வியாதி. எப்படியும் வேலை போய்விட்டது, இனி என்ன பயம் என்று ஒரு முரட்டுத் துணிச்சல் வேறு. என் பெயரைச் சொன்னேன். அவர் அதைக் கொப்பியின் ஓரத்தில், கட்டத்துக்கு வெளியே எழுதினார், உள்ளே இடம் இருக்கவில்லை.

இனி எழும்பிப் போகச் சொல்வார்கள் என்று நான் கதிரையின் விளிம்புக்கு வந்துவிட்டேன். ஹாஜியார்தான் விடவில்லை.

"நீங்க எல்லாரும் திரும்பிப் போறீங்களாமே? ஒங்களுக்குப் பழக்கிக் குடுத்து, நாலு மாசத்தில நீங்க லொறியில ஏறிட்டா நாங்க என்ன செய்ற?"

ராத்தா பயந்த கேள்வி இதுதான். புத்தளம் என்ற சொல் இப்போது ஒன்றுக்கும் உதவாது, நானே எல்லாவற்றையும் ஒப்புவித்துவிட்டேன்.

"அவங்க போறாங்க. நான் போகல்ல."

"வாப்பா விடுவாரா?"

"வேல கிடைச்சா நில்லு எண்டு சொல்லிட்டார்."

"கலியாணம் பேசினா?"

"பேசட்டும்."

"சொந்த ஊர் ஆசை இல்லையா புள்ள?"

"நான் பாத்ததே இல்ல. எனக்குத் தெரிஞ்சது இங்க உள்ள பஸ் நேரந்தான்."

ஹாஜியார் இருமினார். அந்த அம்மா சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது, பேனையை வாயில் வைத்திருந்தார். பிறகு சிங்களத்துக்கு மாறினார். காய்ச்சலோடு ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி வருகிறாள், அன்றைக்குக் கொடுக்கிற இலக்கம் முடிந்துவிட்டது, என்ன சொல்வாய் என்றார். வயதானவர் ஒருவருக்குத் தன் பிறந்த வருடம் தெரியாது, என்ன செய்வாய் என்றார். முகாமில் பாதிப் பேருக்கு அது தெரியாது. எந்தப் பெருநாளுக்கு முன், எந்த வெள்ளத்துக்குப் பின் என்று கேட்டுக் கேட்டு நான் எத்தனை படிவம் நிரப்பியிருக்கிறேன். அதைச் சொன்னேன். நாற்பது நிமிடம் வைத்திருந்தார்கள். மற்றவர்களை எல்லாம் பத்துப் பத்து நிமிடத்தில் அனுப்பியிருந்தார்கள். அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று விளங்காமல் வெளியே வந்தேன்.

வீட்டில் என்னவென்று கேட்டார்கள். நடந்ததை அப்படியே சொன்னேன், மறைத்து என்ன பயன். தம்பிமார் பாயில் உருண்டு சிரித்தார்கள். உம்மா வாயில் கையை வைத்து, "கடைசி வசனத்தையுமா சொன்னே?" என்று கேட்டார். அந்த வசனத்தைப் பழக்கியவரே அவர்தான். வாப்பா சிரிக்கவில்லை. "அட்டைய திருப்பி எடுத்துட்டு வந்தியா?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் நாட்கள். செய்தி வந்தால் மச்சானின் போனுக்குத்தான் வர வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பஸ் ஏறி ராத்தா வீட்டுக்குப் போனேன். போகாத நாட்களில் சந்திக்கு நடந்து போய், பஸ்ஸில் யாராவது செய்தி கொண்டு வருகிறார்களா என்று பார்த்து நின்றேன். வாப்பா கொட்டிலைப் பிரிக்கத் தொடங்கியிருந்தார். முதலில் சமைக்கிற குசினியின் தகரம் போனது. அடுத்த நாள் கோழிக்கூடு. பிறகு பக்கத்து வேலி. ஒவ்வொரு நாளும் நான் திரும்பி வரும்போது வீடு கொஞ்சம் குறைந்திருந்தது. படுத்தால் தூரத்தில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி தெரிந்தது, முன்பு அங்கே சுவர் இருந்தது. நான் கோபமெல்லாம் உம்மாவின் மேல் காட்டினேன். பானையை எங்கே வைத்தாய், சீப்பை எங்கே கட்டினாய் என்று கத்தினேன். உண்மையில் எனக்குப் பயமாக இருந்தது. வேலை கிடைக்காதோ என்று பயம். கிடைத்துவிடுமோ என்றும், ஒரு ஓரத்தில், பயம்.

ஒன்பதாம் நாள் ராத்தாவே ஓட்டோ பிடித்து வந்தாள். வாசலில் நின்றே கத்தினாள். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள், முதல் மூன்று மாதம் பழகுகிற காலம்.

உம்மா அழுதார். மாமி என் தலையைத் தடவி ஏதோ ஓதினார். வாப்பா கூரையில் இருந்தார், கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்தே கேட்டார்.

"கதிரை தருவாங்களா?"

யாரிடமும் சொல்லாத அந்த ஆசையை அவர் எப்படித் தெரிந்துகொண்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

என்னை ஏன் எடுத்தார்கள் என்று அந்த அம்மாவிடம் பிறகு ஒரு நாள் கேட்டேன். "அண்டைக்கு வந்த ஆக்களில தோட்டம் செய்றது பொழுதுபோக்கு எண்டு சொல்லாத ஆள் நீங்க ஒராள்தான்" என்றார். பகிடியா நிசமா என்று அவர் முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது.

வேலைக்குப் போய் இரண்டு வாரத்தில் லொறி நாள் வந்தது. அதற்கு முந்தின நாள், திரும்பிப் போகிறவர்கள் பள்ளிவாசல் முற்றத்தில் பதிய வேண்டும். நான் அரைநாள் லீவு எடுத்து முகாமுக்கு வந்தேன். எங்கள் கொட்டிலில் அப்போது ஒரு பக்கச் சுவர் மட்டும் நின்றது. சுவரின் அந்தப் பக்கத்தில் வாப்பா தகரங்களைக் கட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. கூப்பிட வாயெடுத்தேன். அவர் ஏதோ முணுமுணுக்கிறார் என்று தெரிந்ததும் நின்றுவிட்டேன்.

"அங்கத்தவர் ஆறு" என்றார். கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். "ஆறு. ஆண் மூண்டு, பெண் மூண்டு." மறுபடி ஒரு முடிச்சு. "அங்கத்தவர் ஆறு."

தாளை வைத்து முணுமுணுத்துத் திரிந்தேன் என்று என்னைக் கேலி பண்ணிய மனிதர். எத்தனை வாரமாக ஓடிக்கொண்டே இருந்த என் கால்கள் அந்த இடத்தில் அசையவில்லை. நானும் வருகிறேன் என்று ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம் போல இருந்தது. சொல்லவில்லை. சுற்றி வந்து, இப்போதுதான் வந்தவள் போல, "வாப்பா" என்று கூப்பிட்டேன். அவர் முணுமுணுப்பை நிறுத்திவிட்டு, "வந்திட்டாங்க உத்தியோகத்தர்" என்றார்.

முற்றத்தில் வரிசை நீண்டிருந்தது. இந்த முறை பெரியவர்களே நின்றார்கள். குடும்பம் குடும்பமாக வரச் சொல்லியிருந்ததால் நானும் அவர்களோடு நின்றேன். மேசை, கொப்பி, குனிந்த தலை.

"சொல்லுங்க."

வாப்பா தன் பெயரைச் சொன்னார். "அங்கத்தவர் ஏழு" என்றார். "ஆண் மூண்டு, பெண் நாலு." முகாம், அட்டை இலக்கம், ஊர் என்று எல்லாம் ஒரே மூச்சில் ஓடியது. "இன்னும் எங்களுக்கு ஒண்டும் கிடைக்கல்ல" என்று முடித்தார். முடித்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

மேசைக்காரர் எழுதிவிட்டார். நாங்கள் ஏழு பேர்தான் நின்றோம், அவருக்கு என்ன சந்தேகம். "ஏழு பேரும் நாளைக்கு ஏறுறீங்க தானே?" என்று குனிந்தபடியே கேட்டார்.

உம்மா நிலத்தைப் பார்த்தார். தங்கை என் அபாயாவைப் பிடித்தாள். வாப்பா வாயைத் திறக்கவில்லை, திறக்கமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. பேசாமல் நின்றால் ஏழு ஏழாகவே இருந்துவிடும். ஒரு கணம் அப்படியே விட்டுவிட எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை இங்கே மறைக்கப் போவதில்லை.

நான் மேசைக்குக் கிட்டப் போனேன். என் பெயரைச் சொன்னேன். "இவங்கட ரெண்டாவது மகள். டவுனில மெடிக்கல் சென்டரில பதிவு மேசையில வேல செய்றன். ராத்தா வீட்டில இருக்கிறன். நான் போகல்ல. ஆறு எண்டு எழுதுங்க. பெண் மூண்டு."

அவர் தலையைத் தூக்கினார். என்னைப் பார்த்தார், வாப்பாவைப் பார்த்தார். பிறகு ஏழின் மேல் கோடு இழுத்து ஆறு என்று எழுதினார், நான்கின் மேல் கோடு இழுத்து மூன்று என்று எழுதினார். வாப்பா கையெழுத்து வைத்தார். அடுத்த குடும்பம் முன்னால் வந்தது.

முற்றத்துக் கதவு வரைக்கும் நடந்தோம். அங்கே வாப்பா நின்றார்.

"இன்டர்வியூவில இப்புடிச் சொல்லியிருந்தா, நாப்பது நிமிசம் வச்சிருக்காம அப்பவே எடுத்திருப்பாங்க."

சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றி மணலைத் தட்டினார். திரும்பப் போட மறந்து, கையிலேயே வைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார்.